கொஞ்சம் தொய்வு

எங்கள் வீட்டில் சண்டை என்றால் அது முழுக்க என் சண்டைதான். நான் கத்துவேன், ரசாக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் நல்ல மனுஷன் என்பதால் அல்ல. நல்ல மனுஷன்தான், அது வேறு விஷயம். பதில் சொல்ல அவரிடம் மூச்சு கிடையாது. மில்லில் பஞ்சுப் பொதியை உடைத்துப் போடுகிற ப்ளோரூமில் இளவயது முழுக்க நின்றவர். மில்லை மூடிய பிறகு உக்கடத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கப் போனார். அங்கேயும் கித்தான் தூசி. ஒரு பேச்சை ஆரம்பித்தால் பாதியில் நின்று, நெஞ்சைப் பிடித்து, மீதியைக் கையால் சொல்லுவார். கல்யாணமான புதிதில் தெருமுனையில் நின்று "ஹபீபு" என்று கூப்பிட்டால் உள்ளே அடுப்படியில் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அந்தக் குரல் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தால் இல்லை.

எதிராளி பேசாத சண்டையில் ஜெயித்து என்ன சுகம் சொல்லுங்கள். பல வருஷமாக நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அலுத்துவிட்டது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் சித்திரையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பஞ்சு, துணி, தூசி எதுக்கும் பக்கத்துல அவர விடாதீங்கம்மா. பாரம் தூக்க விடாதீங்க. இப்படியே போனா நுரையீரல்ல ஒண்ணும் மிஞ்சாது" என்றார். சரி, அப்புறம் சோற்றுக்கு? அதற்கு அவர் மருந்து எழுதவில்லை. நான் ஜாக்கெட் தைக்கிறவள். மகள் உஸ்மாவைத் துடியலூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. என் ஒருத்தி தையலில் இரண்டு பேர் கஞ்சி குடிக்கலாம். ஆனால் அவர் சும்மா உட்கார்ந்தால் மூச்சுக்கு முன்னால் மனசு செத்துவிடும். அதுதான் எனக்குப் பயம்.

இந்த நேரத்தில்தான் மாசாணம் வந்தார். சிறுமுகையைத் தாண்டி, பவானிசாகர் அணையின் தண்ணீர் தேங்குகிற பக்கம், ஆலங்காட்டுத் துறையில் பரிசல் ஓட்டுகிறவர். அணை நிரம்பினால் அக்கரை ஊருக்குப் போகிற ரோடு தண்ணீருக்குள் போய்விடும். அப்புறம் வாழைத்தார், பால் கேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் பரிசலில்தான். பரிசலின் அடியில் ஒட்டப் பழைய தார்ப்பாய்த் துண்டு வாங்க வருஷா வருஷம் ரசாக்கிடம் வருவார். அந்தத் தடவை, ஆவணி பிறந்ததும் தான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகப்போவதாகவும், துறைக்கு அக்கரைக்காரர்கள் ஆள் தேடுவதாகவும் சொன்னார்.

"நானு வாரேன்" என்றார் ரசாக்.

கொக்கி தைத்துக்கொண்டிருந்த ஊசி என் விரலில் ஏறிவிட்டது. "ஏனுங்க, மாடிப்படி ஏறவே மூணு எடத்துல உக்காருறீங்க. நீங்க போயி துடுப்புப் போடப் போறீங்களா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் தெரிந்த லாரி ஒன்றில் ஏறிக் கொச்சிக்குப் போனவர், திரும்பி வந்தபோது லாரியின் பின்பக்கம் ஒரு மரப்படகு நீட்டிக்கொண்டிருந்தது. பெயிண்ட் உரிந்து, பலகைக்குப் பலகை விரல் போகிற இடைவெளி. பாய்மரம் தனியாகப் படுத்திருந்தது. தெருவே கூடிவிட்டது.

நான் கத்தினேன். சாதாரணக் கத்தல் இல்லை. "இந்த ஊருல கொழாயில தண்ணி வந்தா அன்னிக்குப் பெருநாளு. இதுல உங்களுக்குக் கப்பல் ஒண்ணு கேடா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் லாரியின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது சொன்னார். "துடுப்பு வேண்டாம் ஹபீபு... காத்து தள்ளும்."

மீதியைக் கையால் சொன்னார். விற்றவர் தன் சொந்தப் படகில் கூட்டிப்போய் ஓட்டக் கற்றுக்கொடுத்தாராம். மேற்கே இருந்து காற்று வந்தால், தெற்குக் கரைக்கும் வடக்குக் கரைக்கும் நடுவே போகவும் வரவும் அதே காற்றுப் போதுமாம். இந்தப் படகின் பாயை எலி தின்றுவிட்டதாம். அதனாலென்ன, பாயை நானே தைப்பேன் என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார்.

எனக்குப் பயமாக இருந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்த மனுஷன் எனக்கு இது வேண்டும் என்று எதையும் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மறுநாள் தையல் மெஷினை நானே கழற்றி லாரியில் ஏற்றினேன். படகோடு படகாக நாங்களும் கிளம்பினோம். துடியலூர் ரயில்வே கேட்டில் லாரி நின்றபோது சைக்கிள்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "எந்தப் படத்துக்குங்க? ஷூட்டிங் எங்கீங்க?" என்று கேட்டார். "படம் பேரு பைத்தியக்கார புருஷன்" என்றேன். ரசாக் இருமி இருமிச் சிரித்தார்.

ஆலங்காட்டுத் துறையில் ஒரு புளியமரத்தடியில் படகை இறக்கினோம். பக்கத்தில் ஓடு போட்ட ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. வைகாசியில் தண்ணீர் எங்கோ கீழே கிடந்தது. அதுவரைக்கும் ரோடு இருந்தது, பஸ் கூட அக்கரைக்குப் போனது. ஆனியில் மலையில் மழை பிடித்தது. தண்ணீர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக எங்களைப் பார்த்து ஏறி வந்தது. அது வருவதற்குள் படகு தயாராக வேண்டும்.

பழைய பெயிண்டைச் சுரண்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அந்தத் தூசி அவருக்கு ஆகாது. அவரைக் காற்று வருகிற மேற்குப் பக்கம் ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டு, முக்காட்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு சுரண்டினேன். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திரியாகத் திரித்து உளியால் இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச வேண்டும் என்று கொச்சிக்காரர் சொல்லியிருந்தார். பஞ்சு! எனக்கு வந்ததே கோபம். பிறகு யோசித்துப் பார்த்தேன். இவ்வளவு காலம் என் புருஷன் நெஞ்சை அடைத்த பஞ்சு, ஒரு தடவையாவது ஓட்டையை அடைக்கட்டுமே. ஒவ்வொரு திரியையும் திட்டிக்கொண்டே அடித்து இறக்கினேன்.

அவரும் சும்மா இருக்கவில்லை. சுக்கானுக்கு மேட்டுப்பாளையத்தில் புதுக் கீல் வாங்கிவந்து மாட்டினார். பாய்மரத்துக்கு எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக்கினார். அந்த வேலைகளின் நடுவே நான் ஒன்றைக் கவனித்தேன், வெளியே சொல்லவில்லை. இரவில் அவர் தலையணையை மூன்றாக அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குவார். அங்கே இரண்டு போதுமானதாக இருந்தது. கண்பட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆடி பிறந்து தண்ணீர் புளியமரத்துக்கு வந்தது. ரோடு முழுகியது. படகைத் தள்ளி இறக்கினோம். அத்தனை திரி அடைத்தும், அரைமணி நேரத்தில் உட்காரும் பலகை வரை தண்ணீர். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாசாணம்தான், "பதறாதீங்கக்கா. காஞ்ச மரமுங்க. ரெண்டு நாளைக்கு அப்பிடியே ஊறட்டும், ஊதிக்கும்" என்றார். அவர் சொன்னபடியே ஊறப்போட்டு இறைத்தோம். பலகைகள் உப்பி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, ஒரு கை தண்ணீர்தான் கசிந்தது. பிஸ்மில்லா சொல்லிப் பாய்மரத்தை நட்டோம்.

அடுத்தது பாய். லேசான கித்தானாக, மெழுகு பூசாததாகப் பார்த்து வாங்கியிருந்தார். பச்சை நிறம். அதைத் தைக்கும்போது மட்டும் அவர் என்னைக் கிட்டே விடவில்லை. தூசி இல்லாமல் இருக்கக் கித்தானை ஈரப்படுத்தி ஈரப்படுத்தித் தைத்தார். உக்கடத்தில் ரசாக் தைத்த தார்ப்பாய் என்றால் லாரிக்காரர்கள் கட்டிவிட்டுக் கையால் தட்டிப் பார்ப்பார்கள், டம் என்று சத்தம் வரும். எங்கேயும் தொய்வு இருக்காது. தொய்ந்தால் மழைத்தண்ணீர் தேங்கிச் சரக்கு நாசம். இருபது வருஷத்தில் ஒரு ஆள் தொய்வு என்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அப்படித்தான் பாயையும் தைத்தார். நாலு ஓரமும் கயிறு வைத்து, வெண்கல வளையம் அடித்து, பாய்மரத்திலும் கீழ்க்கழியிலும் இழுத்துக் கட்டினார். தட்டினேன். டம் என்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு அக்கரையிலிருந்து பங்காரம்மா வந்து நின்றார். அந்த ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மாசாணம் போறதுக்குள்ள ஓடுனா தொற உனக்கு, தம்பி. இல்லீனா நாங்க வேற ஆளு பாக்கோணும். கொழந்தைக பள்ளிக்கூடம் போகோணுமல்ல" என்றார். நியாயம்தான்.

படகு கரையை விட்டது. நல்ல காற்று. அவர் சுக்கானைப் பிடித்திருந்தார், நான் பாயை இழுக்கிற கயிற்றைப் பிடித்திருந்தேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, இழுத்தால் விறைத்தது, ஆனால் படகு முன்னால் போகவில்லை. நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது. படகு பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கிற நடுப்பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினோம், கயிற்றை விட்டோம், இழுத்தோம். கொச்சிக்காரர் ஓட்டக் கற்றுக்கொடுத்த படகு இப்படிப் பண்ணவில்லை என்று அவர் கையை விரித்தார். அணைப் பக்கமாகத் தண்ணீர் எங்களைத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்ததும் அவருக்கு மானம் தாங்கவில்லை. கீழே கிடந்த துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். நாலைந்து தடவை போட்டதும் முகம் நீலம் பாய்ந்து, துடுப்பு கையிலிருந்து நழுவி, அப்படியே சரிந்தார்.

மாசாணம் பரிசலில் வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார். கரையில் பங்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்குத் தலையணை மூன்று போதவில்லை. சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். அவருடைய நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. நான் படகைத் திட்டினேன், கொச்சியைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன். "நாளைக்கு இத அடுப்புக்கு வெட்டறேன், பாத்துக்கங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையை மடியில் போட்டுக்கொண்டார். ஊருக்குத் திரும்பிப் போனால் தார்ப்பாய்க் கடை, அதே தூசி. போகாவிட்டால் இந்தச் சுவர். அவ்வளவுதான் மிச்சம் என்று எனக்குத் தோன்றியபோது, திட்டுவதற்கு வாய் வரவில்லை. அழுதேன்.

காலையில் துவைத்த துணிகளைக் கொடியில் போட்டேன். ஆடிக் காற்று அவற்றைப் பிடுங்கப் பார்த்தது. துண்டு ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டு, எங்கேயும் போகாமல் கிடந்தது. பக்கத்தில் என் ஜாக்கெட். முந்தின மாதம்தான் தைத்தது. காற்று அதற்குள் புகுந்து, முன்பக்கம் ஆள் போட்டுக்கொண்ட மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. படபடப்பே இல்லை. கம்மென்று இழுத்தது. அது இழுத்த இழுப்பில் கொடிக்கயிறே வளைந்து, கம்பம் கிறீச்சிட்டது.

நான் கொடியின் கீழே நின்று சிரித்துவிட்டேன். தட்டைத் துணியைச் சும்மா தைத்தால் அது துண்டு. அங்கங்கே மடித்துத் தைத்து, குழிவு வருகிற மாதிரி டாட் பிடித்தால்தான் ஜாக்கெட். உள்ளே இடம் இருந்தால்தானே உடம்பும் நிற்கும், காற்றும் நிற்கும்? தையல் பழகின முதல் மாதத்தில் தெரிந்துகொண்டதை இந்தப் பாயைப் பார்த்தபோது மறந்தே போயிருக்கிறேன். டம் என்று தட்டிப் பெருமைப்பட்டவளும் நான்தானே.

உள்ளே ஓடினேன். "ஏனுங்க, பாயி தட்டையா இருக்குதுங்க. காத்து அதுல நிக்காம வழுக்கீட்டுப் போயிருது. டாட் பிடிக்கோணும்."

அவர் தலையை ஆட்டினார். "தொய்வு... ஆகாது."

"லாரிக்கு ஆகாதுங்க. அங்க தண்ணி தேங்கக் கூடாது. இங்க காத்து தேங்கோணுமல்ல?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் புரிந்தது. மூச்சு போன பிறகு அந்த மனுஷனிடம் மிச்சம் இருந்தது அந்தக் கைவேலைதான். அதிலும் குறை என்று பெண்டாட்டி வந்து சொன்னால் எப்படி இருக்கும்? வழக்கமாக இந்த இடத்தில் நான் கத்துவேன். அன்றைக்குக் கத்தவில்லை. ஜாக்கெட்டைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டேன். ஜன்னல் மேற்கே பார்த்தது.

வெங்காயம் உரித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வெங்காயம் முடிந்து பூண்டுக்கு வந்துவிட்டேன். பிறகு பெட்டி திறக்கிற சத்தம். அவர் மெல்ல நடந்து வந்து, எதிரே உட்கார்ந்து, தன் கித்தான் கத்தரிக்கோலை என் மடியில் வைத்தார். அந்தக் கத்தரியை அவர் யாரையும் தொட விட்டதில்லை.

"உன்ற கத்தரி... அதுக்கு வெட்டாது" என்றார்.

பாயைப் புளியமரத்தடியில் விரித்தோம். பட்டை பட்டையாகச் சேர்த்திருந்த தையல்களைப் பிரித்தேன். ஓரங்களில் அதிகமாகவும் நடுவே குறைவாகவும் பிடித்துத் திரும்பத் தைத்தேன். பாய்மரத்தை ஒட்டின ஓரத்தைக் கொஞ்சம் வளைத்து வெட்டினேன். வெட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தார். எவ்வளவு ஆழம் பிடிப்பது என்று எனக்கு நிச்சயம் இல்லை, அளவெடுக்க ஆள் இல்லாத ஜாக்கெட் அது. அவர் கித்தானின் நாலு மூலையையும் கட்டி, காற்றில் தூக்கிப் பார்த்து, "இங்க எச்சு... அங்க கொஞ்சம்" என்று சொல்ல, நான் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். முடிந்ததும் தட்டிப் பார்த்தார். சத்தமே வரவில்லை.

"போச்சு. என்ற மானம்... போச்சு" என்று சிரித்தார்.

ஆடி முடிகிற தறுவாயில் மாசாணம் மூட்டை கட்டி வைத்துவிட்டார். மறுநாள் அவருக்குத் திருப்பூர் பஸ். "ஒருக்கா பாத்துப்போடலாம்" என்று, பரிசலில் இக்கரைக்கு வந்திருந்த பங்காரம்மாவிடம் நான் போய்ச் சொன்னேன். அவர் தன் ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு, விறுவிறுவென்று வந்து எங்கள் படகில் ஏறி உட்கார்ந்தார். கரையில் நின்று பார்ப்பார் என்று நினைத்தேன். ஏறி உட்காருவார் என்று நினைக்கவில்லை. "சும்மா பாத்துட்டு நின்னா எனக்கென்ன தெரியும் அம்மணி? உடுங்க போலாம்" என்றார்.

மாசாணம் பரிசலில் பின்னால் வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

கரையை விட்டதும் பாய் ஒரு தடவை உதறிக்கொண்டது. நான் கயிற்றை இழுத்தேன். உதறல் நின்றது. பச்சைக் கித்தான் மெல்லப் புடைத்து, கொடியில் பார்த்த ஜாக்கெட்டைப் போலவே கம்மென்று நின்றது. என் கையில் கயிறு கனத்தது. படகின் மூக்குப் பக்கம் தண்ணீர் சளசளக்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். புளியமரம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மாசாணத்தின் பரிசல் பின்தங்கிவிட்டது, அவர் துடுப்பைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தார். ரசாக் ஒரு கையைச் சுக்கானில் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார். அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். எல்லோருக்கும் போலத்தான் இருந்தது.

"ஓடுதுங்க!" என்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பங்காரம்மா ஆட்டுக்குட்டியின் காதைத் தடவிக்கொண்டு, "ஓடுது, ஓடுது" என்றார்.

நடுத்தண்ணீருக்கு வந்தபோது மலைக் கணவாயிலிருந்து ஒரு வீச்சுக் காற்று இறங்கியது. பாய் இன்னும் புடைத்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, விளிம்பு தண்ணீரைத் தொட்டது, ஆட்டுக்குட்டி கத்தியது. பயத்தில் மனுஷர் என்ன செய்வார்கள்? கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பார்கள். நானும் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஹபீபூ! கயித்த உடு! உட்டுத் தொல புள்ள, முழுகப் போறோம்! உடுன்னு சொல்றனல்ல!"

அதட்டல் தண்ணீர் மேல் உருண்டு போய்க் கரையில் மோதித் திரும்பி வந்தது. நடுவில் நிற்கவில்லை. கை ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாயே சொன்னது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டு, கயிறு தானாக நழுவியது. பாய் காற்றை விட்டது, படகு நிமிர்ந்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. நீலம் இல்லை, சிவப்பு. தான் என்ன செய்தோம் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. தெருமுனைக் குரல். அதே குரல், கொஞ்சம் கரகரப்பு ஏறி.

பங்காரம்மா, "ஏந்தம்பி, கட்டுன பொண்டாட்டிய இப்பிடியா வையறது?" என்றார்.

நான் அவரைக் கையமர்த்தினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கயிற்றை மறுபடி மெல்லப் பிடித்தேன். அந்தச் சத்தம் அக்கரை வாழைத்தோட்டம் வரை போயிருக்கும். ஒரு எழுத்து விடாமல் என் காதில் விழுந்திருந்தது.

"ஏனுங்க, காத்துல ஒண்ணுமே கேக்கலீங்க" என்றேன். "என்ன சொன்னீங்க? மறுக்கா ஒருக்கா சொல்லுங்க."

அவர் சொன்னார். முன்னதைவிடச் சத்தமாக.